நாலடித் தொட்டியில் பாறை மீன்

தம்பி, ஓட்டல் தொட்டியில் இருந்த பாறை மீனை நேற்று சாயங்காலம் கடலில் விட்டுவிட்டோம். நானும் உங்கப்பாவும் உனக்கு நிச்சயித்த வசந்தாவும் சேர்ந்து அண்டாவில் தூக்கிக்கொண்டு போய் விட்டோம். உன் மாமனாராகப் போகிறவருக்குத் தெரிந்துதான் செய்தோம். சந்தோஷமாகச் சம்மதித்தார் என்று சொன்னால் பொய். நிச்சயம் முறிந்துவிட்டதோ என்று பயப்படாதே, முறியவில்லை. ஆனால் நீ தலையாட்டிவிட்டுப் போன இரண்டு விஷயங்களையும் நான் மாற்றிவிட்டேன். ஒன்று, உயிரோடு பெரிய மீன் கொண்டுவந்து தருவோம் என்று நீ கொடுத்த வாக்கு. இன்னொன்று, நீ எங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தது. இரண்டும் எப்படி ஒரே பேச்சில் வந்து மாட்டின என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஐஸ் பேக்டரியில் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

நிச்சயத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் உன்னை ஓட்டல் கூடத்துக்கு அழைத்துப் போய் அந்தக் கண்ணாடித் தொட்டியைக் காட்டினார் அல்லவா? கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்தது. அந்த வீட்டுத் துரைசானி, மதாம், அதில் நல்ல தண்ணீர் ஊற்றி விரல் நீளத்துக்குத் தங்க மீன் வளர்த்தாளாம். இவருக்கு அது போதவில்லை. "இதுல நம்ம கடல் மீனை வுட்டா எப்படி இருக்கும் மாப்ளே? மெட்ராசுல குடிக்க வழியில்லாம இங்க பஸ் ஏறி வர்றவன், இது முன்னாடி உக்காந்தா ஒரு கிளாஸோட எழுந்திருப்பானா?" என்றார். நீ உடனே, "அதுக்கென்ன மாமா, எங்கம்மா எந்த மீனையும் உயிரோட கொண்டாந்துடுவாங்க" என்றாய். நான் பக்கத்தில்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நீ. சின்ன வயதிலிருந்தே உனக்கு அது பழக்கம். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷத்தையும் மந்திரி வேஷத்தையும் சேர்த்து ஒத்துக்கொண்டு வந்தவன்தானே? ராஜா மந்திரியைக் கூப்பிடுகிற இடத்தில் நீ முழித்த முழியை உங்கப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

மறுவாரமே அவர் ஆள் அனுப்பினார். போனேன். "வஞ்சிரம் நாலு கொண்டா தங்கச்சி. தட்டுல துண்டாப் பாக்குறவன் முழுசா நீந்துறதையும் பாக்கட்டும்" என்றார். அவரும் நம்ம ஜனம்தான், கனகசெட்டிக்குளத்தில் பிறந்தவர்தான். ஆனால் விவரம் தெரியாத வயதிலேயே வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்கட்டுக்கு வந்துவிட்டவர். மீனைக் கத்திக்குக் கீழேதான் பார்த்திருக்கிறார். "அண்ணே, வஞ்சிரம் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அதுக்கு மூச்சு. கட்டுமரத்துல ஏத்துறதுக்குள்ளயே போயிடும்" என்றேன். "அப்ப ஓட வுடு" என்றார். "நாலடியில எங்கண்ணே ஓடும்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நிக்கிற மீனாவே கொண்டா. ஆனா பெருசா இருக்கணும்" என்றார். "களவா கொண்டாரேன். கல்லுச் சந்துல படுத்துக் கிடக்குற மீனு, எங்கேயும் போவாது" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "படுத்துக் கிடக்குறதைப் பாக்குறதுக்கு எங்கிட்ட சப்ளையருங்க இருக்கானுங்க. சுறுசுறுப்பா சுத்துற மீனு வேணும் எனக்கு." கடைசியில் பாறையில் வந்து நின்றது பேச்சு. பாறையும் ஓடுகிற மீன்தான், வஞ்சிரம் அளவுக்கு ரோஷக்காரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது தெரியாமல் இல்லை. உன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பக்கம். தினசரி ஓட்டலுக்கு மீன் போடுகிற பேச்சும் சம்பந்தத்தோடு சேர்ந்து வரும் என்று இன்னொரு பக்கம். வியாபாரிக்கு இரண்டாவது பக்கம் எப்போதும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். சரி என்றேன்.

வலையில் விழுந்த மீன் செதில் போய் வரும், பிழைக்காது. அதனால் உங்கப்பா தூண்டில் போட்டு, ஒரு குட்டிப் பாறையை வாயில் மட்டும் காயத்தோடு எடுத்து வந்தார். குட்டி என்றாலும் முழம் நீளம். ரிக்ஷாவில் அண்டாவை வைத்து, நான் வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே போனேன். அங்கே போனால் சப்ளையர்கள் ஒவ்வொருவரும் தொட்டியைத் தாண்டிப் போகும்போது ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றிவிட்டுப் போகிறார்கள். மீனுக்குக் காற்று வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் அது சரியான வேலைதான். தப்பு வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பாறை சீக்கிரமே வாயைத் திறந்தபடி மல்லாந்துவிட்டது. "உன் மீனு சரியில்ல" என்றார் அவர். நான் ஒரு விரலைத் தொட்டி நீரில் நனைத்து நாக்கில் வைத்தேன். நாம் கருவாடு ஊறப்போடுகிற தொட்டித் தண்ணீர் மாதிரி இருந்தது! வெயில் காலம், கூடத்தில் மேலே விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கிறது. மீன் வருவதற்கு முன்பிருந்தே, வற்ற வற்ற வாரக்கணக்கில் கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். போதாததுக்குச் சமையல்காரர் கடல் மீனாயிற்றே என்று ஒரு படி உப்பையும் போட்டிருக்கிறார். தண்ணீர்தான் காற்றோடு போகும், உப்பு எங்கே போகும்? குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். "நல்ல தண்ணி பட்டா கடல் மீனு செத்துரும்" என்று எங்கள் ஆட்களும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உப்பிலேயே தொழில் நடத்துகிற எனக்கு, அந்தக் கூடத்துக்குள் போனதும் விசிறியைப் பார்த்தவுடனே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டாவது பாறைக்கு எல்லாம் சரியாகச் செய்தோம். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பி, தினமும் கொஞ்சம் மாற்றி, வற்றியதற்கு நல்ல தண்ணீர் ஊற்றி, நீ மெட்ராசிலிருந்து அனுப்பிய காற்று மிஷினையும் வைத்தோம். அது பிழைத்தது. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். பெரிய மீன் சின்னத் தொட்டியில் பிழைக்காது என்று நினைத்தவள் நான். பிழைக்கிறது. தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால் பிழைத்துக்கொண்டே இருக்கிறது. இந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும், அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும். வாலை மூன்று வீச்சு வீசுவதற்குள் எதிரே கண்ணாடி வந்துவிடும். கடலில் ஒரு மூச்சில் போகிற தூரத்தை இங்கே பொழுதெல்லாம் திரும்பித் திரும்பியே போய்க்கொண்டிருந்தது. எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பியதில் அந்தப் பக்கத்துச் செதிலெல்லாம் மங்கிவிட்டது. யாராவது நாற்காலியை வேகமாக இழுத்தால் போதும், நேராகப் போய் முட்டும். மூக்கு முதலில் வெளுத்தது, பிறகு தோல் உரிந்து சதை தெரிந்தது. குடிக்க வருகிறவர்களுக்கு அது முட்டுவது வேடிக்கையாக இருந்தது. மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டி முட்ட வைப்பார்கள். உன் மாமனாருக்கு அதில் பெருமை. "பாத்தியா, ஒரு நிமிசம் சும்மா இருக்காது" என்பார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை வசந்தாவுக்கு. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் போன பிறகு நான் இறால் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நறுக்கிப் போட்டாள். பாறை பாய்ந்து பாய்ந்து எடுத்தது. "நல்லாத் தின்னுது அத்தே. அதான் பயமா இருக்குது" என்றாள். "தின்னா நல்லதுதானம்மா?" என்றேன். "தின்னா வளரும் இல்ல? தொட்டி வளருமா?" என்றாள். தூண்டிலில் உங்கப்பா எடுக்கிற பெரும்பாறையை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு ஆள் தூக்க வேண்டும். பிறகு அவள் தானாகவே பேசினாள். "நிச்சயம் ஆனதுலேர்ந்து பீச்சுப் பக்கம் கூடப் போவக் கூடாதுன்னுட்டாரு அப்பா. நாள் பூரா இது என்னைப் பாக்குது, நான் இதைப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பரவால்ல, கல்யாணம் ஆனா மெட்ராஸ் போயிடுவேன். அங்க இதைவுடப் பெரிய பீச்சு இருக்குதாமே அத்தே?" இருக்கிறது என்றேன். நீ சொல்லாமல் வைத்திருந்தது அப்போது எனக்கும் தெரியாது.

மறுநாள் கல்லாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். "அண்ணே, அந்தப் பாறையை எடுத்துடலாம்" என்றேன். "ஏன், சாவலையே? தின்னுது, ஓடுது. இன்னா கொறை அதுக்கு?" என்றார். "இடம்ண்ணே" என்றேன். அவர் ஓட்டல்காரர், எதையும் கட்டில் கணக்கில்தான் பார்ப்பார். "முழத்து மீனு, நாலடித் தொட்டி. என் ஏழாம் நம்பர் ரூமுல கட்டில் போட்டா மிச்சம் ரெண்டடிதான். எந்த கஸ்டமராவது செவுத்துல முட்டிக்கிட்டானா?" என்று கேட்டார். "அந்த ரூமுல நாள் பூராவா இருக்காங்க?" என்றேன். "ரூமுலயே இன்னாத்துக்கு இருப்பாங்க? படுக்க வருவாங்க. மத்த நேரம் பீச்சுக்குப் போவாங்க, கடைத்தெருவுக்குப் போவாங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கல்லா மூடியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளா? "அட, அவ்ளோ ஏன்? நம்ம மாப்ளையே மேல ரூமுலதான இருக்கப் போறாரு. பத்துக்குப் பத்து. வேலையை வுட்டுட்டு ஓட்டலைப் பாத்துக்கிட்டு இங்கேயே இருக்கேன்னு ஒத்துக்கினாரே, இடம் பத்தலேன்னா சொன்னாரு?" என்றார்.

ஏலத்தில் விலையைக் கேட்டு முகம் மாறுகிறவள் அன்றைக்கே கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். நான் அப்போதுதான் கேள்விப்படுவதைக் காட்டிக்கொள்ளாமல், "ஆமாமா, சொன்னான் சொன்னான்" என்றேன். ஆனால் எனக்குப் பின்னால் வசந்தா இறால் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "அப்ப மெட்ராஸ் இல்லையாப்பா?" என்றாள். "மெட்ராசுல இன்னா இருக்குது? இங்க இல்லாத சோறா?" என்றார் அவர். அவள் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் நாலு ஜன்னல் இருக்கிறது, கடல் காற்று வருகிறது. அப்படியும் நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதி வைக்கப்போவதில்லை. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். பெண் பிடித்துவிட்டது. மாட்டேன் என்றால் பெண் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாய். ஆனால் ஒன்றை யோசித்தாயா? நாகப்பட்டினத்தில் மிஷின் நின்றால் நாகப்பட்டினம், தூத்துக்குடியில் நின்றால் தூத்துக்குடி என்று ஓடிக்கொண்டிருக்கிறவன் நீ. தொட்டிலில் போட்டபோதே காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தவன். பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு, கல்லாவில் உட்கார்ந்து, குடித்தவன் பில்லுக்குத் தகராறு பண்ணுவதைத் தீர்த்துக்கொண்டு நீ இருக்க மாட்டாய் என்று சொல்லவில்லை. இருப்பாய். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகவே இருப்பாய். யாராவது கேட்டால் உன் மாமனாரும் இன்னா கொறை என்றுதான் கேட்பார். எனக்கு அதுதான் பயம். உன் முகம் எந்தப் பக்கத்தில் முதலில் மங்கும் என்று அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீ அரை டவுசர் போட்ட காலத்தில் ஒரு தடவை என்னோடு ஏலத்துக்கு வந்து, யாரோ தெரிந்தவரைப் பார்த்துத் தலையாட்டினாய். ஏலக்காரர் அதை விலைக்கு ஆட்டினதாக எடுத்துக்கொண்டு ஒரு குவியல் சூடை மீனை நம் தலையில் கட்டிவிட்டார். பையன் தெரியாமல் ஆட்டிவிட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏலத்தில் தலை ஆடினால் ஆடினதுதான். முழுக் குவியலையும் வாங்கிக் காய வைத்து விற்றேன். நட்டம் இல்லை, லாபமும் இல்லை. அப்போதே உன்னை இரண்டு சாத்து சாத்தியிருக்க வேண்டும். என் பிள்ளை கொடுத்த வாக்கை நான் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில் தட்டிக்கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை நீ தலையாட்டியதை நான் வாங்கிக் காய வைக்க முடியாது தம்பி. இதில் உன் உயிரும் ஒரு பெண்ணின் உயிரும் இருக்கின்றன. வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாயோ, சரி என்று சொல்வதற்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால் எந்த மாமனாரும் கடித்துவிட மாட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். "மீனை நான் எடுத்தாறேன். மத்ததை நீ பேசு" என்றார். அவ்வளவுதான். ஆக, மறுபடி நான் போனேன். இந்தத் தடவை கல்லாவுக்கு எதிரே உட்காரவில்லை. அவரைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டேன், அங்கேதான் அவர் முதலாளி மாதிரி பேச மாட்டார். "ஒரே பொண்ணு, அதுக்காக மாப்ளையையும் சேத்துப் பூட்டி வைக்கணுமாண்ணே?" என்று நேராகவே கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எனக்கு யாரு இருக்கா தங்கச்சி? கல்லாவுல உக்காந்தா அடுப்பு போச்சு, அடுப்புல நின்னா கல்லா போச்சு. காலையில மார்க்கெட்டு, ராத்திரி குடிகாரன். பீச்சு இதோ கூப்புடு தூரத்துல இருக்குது. நான் போயி நின்னு எத்தினி வருசம் ஆவுது தெரியுமா? புள்ளையாண்டான் ஒருத்தன் வந்தா மூச்சு வுடலாம்னு பாத்தேன்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் வெளியே வருவதற்கு இன்னொருவன் உள்ளே போக வேண்டும் என்பது என்ன நியாயம்? அதை இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. "உனக்கு வேண்டியது மாப்ளை இல்லண்ணே, மார்க்கெட்டுக்குப் போற ஆளு" என்றேன். "அந்த ஆளு யாரு, நீயா?" என்றார் கிண்டலாக. "நான்தான்" என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது பேரம். பேரத்தில் எனக்கும் அவருக்கும் வெட்கம் கிடையாது. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அண்டாவைத் தூக்க இன்னொரு கை வேண்டும் என்று நான் சொன்னதால் வசந்தாவையும் கூட அனுப்பினார். கரையில் தண்ணீர் முழங்காலுக்கு வரும் வரை போய் அண்டாவைச் சாய்த்தோம். பாறை உடனே போகவில்லை. எங்கள் கால் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பாறை ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. அலை திரும்பியபோது காணவில்லை. "பொழைக்குமா மாமா?" என்று வசந்தா உங்கப்பாவைக் கேட்டாள். "மூக்கு ஆறினா பொழைக்கும். அதுக்குள்ள பெருசு எதுவாவது பாத்துடுச்சின்னா இல்ல" என்றார். உங்கப்பாவுக்கு எதுவும் ஆறுதலாகச் சொல்ல வராது, உண்மைதான் வரும் என்று நான் அவளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவள் தவறாக நினைக்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க அவள் ஈரப் பாவாடையோடு மெதுவாகத்தான் நடந்தாள். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

பேசி முடித்தது இது. தொட்டி ஓட்டலிலேயே இருக்கும். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்திலிருந்து கீச்சான் குஞ்சும் ஓராக் குஞ்சும் நான் கொண்டுவந்து விடுவேன். ஆற்றுத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் பழகின மீன்கள், நாலடி அவற்றுக்கு ஊர் மாதிரி. எது உள்ளங்கை நீளத்தைத் தாண்டுகிறதோ அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கழிமுகத்திலேயே விட்டுவிட வேண்டும். அதை மறுக்க அவருக்கு உரிமை இல்லை. கண்ணாடியைத் தட்டுகிறவனுக்குச் சரக்கு கிடையாது என்று அவரே சேர்த்தார், நான் கேட்கவில்லை. கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கும். நீ வேலையை விட வேண்டாம், நீயும் வசந்தாவும் மெட்ராசில் குடியிருப்பீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தால் மேல் அறை உங்களுக்கு, தங்குவதும் கிளம்புவதும் உங்கள் இஷ்டம். இதற்குப் பதிலாக ஒரு வருஷத்துக்கு ஓட்டலுக்கு வேண்டிய மீன் முழுவதையும் நானே தினம் காலையில் எடுத்துக்கொண்டு போய்ப் போடுவேன், ஏல விலைக்கே, என் லாபம் இல்லாமல். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் பாதி விலை. அவர் இரண்டு வருஷம் கேட்டார், ஒன்றில் நிறுத்தினேன். வருஷம் முழுக்க நான் எங்கேயும் நகர முடியாது, உன் வீட்டைப் பார்க்கக்கூட வர முடியாது. தெரிந்துதான் கை அடித்தேன். கடைசி ஷரத்து வசந்தாவுடையது. கரையிலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னாள். என் வீட்டுக்கு அவள் வந்திருக்கும் நாட்களுக்கு நான் அங்கேயே ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் வீட்டுக்கு நீதான் யோசித்து அவளுக்கு எழுத வேண்டும். அவள் ஷரத்து இதுதான்: வெளியே போகும்போது எங்கே போகிறாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். போகலாமா என்று கேட்க மாட்டாள்.